இரத்தம் ஏன் ஏறவில்லை?

எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவில் நோயாளியைவிட அவரை அழைத்துவந்தவரே முதலில் பேசுவது வழக்கம். அவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இருமலைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ இருப்பதில்லை. “ரத்தம் எட்டுதான் இருக்குன்னு சொன்னாங்க. ஏறுறதுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க” என்பதே அந்தக் கேள்வி. காசநோய் என்று உறுதியாகிச் சிகிச்சை தொடங்கிய பின்னரும் அதே கேள்வி மாதந்தோறும் தொடர்கிறது. நாங்கள் சில வேளைகளில் இரும்புச்சத்து மாத்திரை எழுதுகிறோம். பல வேளைகளில் “இப்போது வேண்டாம், இரண்டு மாதம் பொறுங்கள்” என்கிறோம். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்ததை நமக்கு ஏன் மறுக்கிறார்கள் என்ற மனக்குறையுடன் வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. வரிசை நீண்டு நிற்கும் காலை வேளையில் இதற்கு முழு விடை சொல்ல எங்களால் முடிவதில்லை. ஆகவே இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட பெண்மணியின் இசைவுடன், அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறோம்.

அவருக்கு வயது 34. இரண்டு பிள்ளைகளின் தாய். ஆடைத் தையலகத்தில் வேலை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உடல் அசதியாக இருக்கிறது என்று எங்கள் பொதுப் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். ஹீமோகுளோபின் 8.6. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம் என்றும் சொன்னார். காரணம் கண்ணெதிரே இருப்பதாக நாங்கள் எண்ணினோம்; இரும்புச்சத்து மாத்திரை எழுதி, பூச்சி மருந்தும் கொடுத்து அனுப்பினோம். அடுத்த மாதம் 8.7. “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டோம். சாப்பிடுவதாகச் சொன்னார். அதை நாங்கள் முழுமையாக நம்பவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாம் மாதம் 8.4. இருமல் இருப்பதாக இடையில் ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார். பஞ்சுத்தூசி பறக்கும் இடத்தில் எல்லோருக்கும் இருமல் இருக்கும் என்று அவரே அதற்கு விளக்கமும் சொல்லிவிட்டார்; நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.

நான்காம் முறை உடன் வந்தவர் அவருடைய நாத்தனார். அவர்தான் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். “தைக்கிறவ இல்லையா டாக்டர், மூணு மாசத்துல ரெண்டு தடவை தன்னோட ரவிக்கையைத் தானே பிரிச்சுப் பிடிச்சுட்டா.” எடையைப் பழைய சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். 6 கிலோ குறைந்திருந்தது. மாலை நேரத்தில் மேல் கணகணவென்று இருக்குமா என்று கேட்டபோது, வேலை முடிந்து வந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். காசநோய்க் கிருமி இருந்தது.

அந்த மூன்று மாதங்களும் அவர் வீட்டில் பிள்ளைகளுடன் ஒரே அறையில் உறங்கினார் என்பதுதான் எங்களை உறுத்தியது. இரண்டு பிள்ளைகளையும் அழைத்துச் சோதித்தோம். இருவருக்கும் நோய் இல்லை. தடுப்புச் சிகிச்சை தொடங்கினோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அதன் பிறகு எங்கள் பொதுப் பிரிவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். மாத்திரையைச் சரியாக உட்கொண்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா? சரியாகக் கொடுத்த இரும்பு ஒரு மாதத்தில் ஹீமோகுளோபினை ஏறத்தாழ 1 கிராமாவது உயர்த்த வேண்டும். உயர்த்தவில்லை என்றால் நோயாளியைச் சந்தேகிப்பதற்கு முன் எங்கள் நோயறிதலைச் சந்தேகிக்க வேண்டும்.

பூட்டிய களஞ்சியம்

இரத்தம் குறைவு என்று நாம் பொதுவாகச் சொல்வது, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம் குறைந்திருப்பதைத்தான். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் அது இரத்தசோகை. நம் நாட்டில் இது அரிதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். இவ்விரண்டும் ஒரே உடலில் சந்திப்பதில் வியப்பில்லை. ஆனால் தற்செயலாகச் சந்திப்பதைவிட அதிகமாகவே சந்திக்கின்றன. பல ஆய்வுகளில், காசநோய் கண்டறியப்பட்ட அன்றே பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்திருக்கிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, உடலில் இரும்பு எப்படிச் சுற்றிவருகிறது என்று பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பே உள்ளது. ஒரு சிறிய ஆணியின் எடை. அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் இருக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆயுள் முடிந்த அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள ‘மேக்ரோபேஜ்’ என்னும் விழுங்கு செல்கள் விழுங்கி, அவற்றிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்து எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. புதிய சிவப்பணுக்கள் அங்கே உருவாகின்றன. நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இப்படி மறுபடி பயன்படுகிறது. உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ வெறும் 1 முதல் 2 மில்லிகிராம். ஆக, நம் இரத்தம் ஊறுவது அன்றாடம் உண்பதைவிட, ஏற்கெனவே உள்ளதைச் சுழற்றுவதையே பெரிதும் நம்பியிருக்கிறது.

காசநோய்க் கிருமிக்கும் இரும்பு வேண்டும். இரும்பு இல்லாமல் அதனால் பெருக முடியாது. அதற்காகவே அது ‘மைக்கோபாக்டின்’ என்னும் ஒரு பொருளைத் தயாரித்து, நம் புரதங்கள் பிடித்துவைத்திருக்கும் இரும்பைப் பறித்துக்கொள்கிறது. உடல் இதை அறியும். எந்தக் கிருமி நுழைந்தாலும் உடல் செய்யும் முதற்காரியங்களில் ஒன்று, இரும்பைக் கண்ணில் படாமல் மறைப்பது. கிருமி தொற்றி அழற்சி உண்டானதும் கல்லீரல் ‘ஹெப்சிடின்’ என்னும் ஒரு சிறு புரதத்தைச் சுரக்கிறது. விழுங்கு செல்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலையும், குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் வரும் வாசலையும் அது ஒருசேர மூடிவிடுகிறது. ஹெப்சிடின் கண்டுபிடிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டையொட்டித்தான். எங்களில் மூத்தவர்கள் மருத்துவம் படித்த காலத்தில் இந்தப் பெயரே பாடப்புத்தகத்தில் இல்லை. நாட்பட்ட நோயில் இரத்தம் குறையும் என்று படித்தோமே தவிர, பூட்டுவது யார் என்று தெரியாது.

ஊரில் திருட்டுப் பயம் வந்தால் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். திருடனுக்கு நெல் கிடைக்காது. வீட்டு உலைக்கும் அரிசி வராது. காசநோயாளியின் உடலில் நடப்பது இதுதான். இரும்பு உள்ளே இருக்கிறது. எலும்பு மஜ்ஜைக்குக் கிடைக்கவில்லை. வாய்வழியாக எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும் குடல் வாசல் மூடியிருப்பதால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். அந்தத் தையற்காரப் பெண் மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டார்.

இந்த உவமை முழுதும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காசநோய்க் கிருமி தங்குவது அந்த விழுங்கு செல்லுக்குள்ளேயேதான். திருடன் களஞ்சியத்துக்குள் படுத்திருக்கும்போது வெளிக்கதவைப் பூட்டினால் என்ன ஆகும்? உடலிடம் இதற்கும் ஓரளவு மாற்று உண்டு. கிருமி அடைபட்டிருக்கும் சிற்றறையிலிருந்து இரும்பை வெளியே இறைக்கும் புரதம் ஒன்று விழுங்கு செல்லிலேயே இருக்கிறது. இருந்தாலும் காசநோயில் இந்தப் போராட்டம் கிருமிக்கும் உடலுக்கும் சரிநிகராக நடப்பது. இரும்பை அள்ளிக் கொட்டும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இந்த எச்சரிக்கை புதியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே அர்மான் த்ரூசோ என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு மருத்துவர், சோகையுற்றுத் தோன்றும் சில இளம்பெண்களுக்கு இரும்பு கொடுத்தால் அடங்கியிருந்த காசநோய் கிளர்ந்தெழுகிறது என்று தம் மாணவர்களுக்குச் சொன்னார். அவர் காலத்தில் காசநோய்க் கிருமியே கண்டுபிடிக்கப்படவில்லை. 1978இல் சோமாலிய நாடோடி மக்களிடம் செய்த ஆய்வொன்று வெளியாயிற்று. இரும்புக் குறைபாடுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்பும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 67 பேரிடையே 7 தொற்றுகளும், இரும்பு பெற்ற 71 பேரிடையே 36 தொற்றுகளும் தோன்றின. மலேரியாவும் காசநோயும் அவற்றுள் அடங்கும். ஜிம்பாப்வேயில் இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சும் நாட்டு பீரை நெடுங்காலம் அருந்தி உடலில் இரும்பு மிகுந்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவற்றைப் படித்துவிட்டு இரும்பு நஞ்சு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த நாடோடிகள் பஞ்சத்திலும் பட்டினியிலும் இருந்தவர்கள். காசநோய்க்கு மருந்து உண்டுகொண்டிருந்தவர்கள் அல்லர். இரும்பு மிகக் குறைந்தாலும் நோய் எதிர்ப்புத் தளரும். குழந்தைகளின் வளர்ச்சியும் கர்ப்பிணிகளின் உயிரும் இரும்பைச் சார்ந்தவை. யாருக்கு, எப்போது என்பதுதான் கேள்வி.

மாத்திரை எப்போது?

இந்தக் கேள்விக்கு விடை காண ஹீமோகுளோபின் மட்டும் போதாது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது ‘ஃபெரிட்டின்’ சோதனை. நலமாக உள்ள பெரியவருக்கு இது மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு உறுதி. ஆனால் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். கையிருப்பு காலியாக இருந்தாலும் சீட்டில் எண் இயல்பாகத் தெரியும். அதனால்தான் தொற்று உள்ளவர்களுக்கு 70க்குக் கீழே இருந்தாலே குறைபாடு எனக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஆய்வுக்கூடத்துச் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதற்காகவே. இணையத்தில் தேடி ஃபெரிட்டின் உயர்ந்திருக்கிறதே, ஈரல் கெட்டுவிட்டதா என்று பதறி வருபவர்களும் உண்டு. காசநோயின் தொடக்கத்தில் அது உயர்ந்திருப்பது பெரும்பாலும் அழற்சியின் அடையாளமே.

அந்தப் பெண்மணிக்குக் காசநோய் கண்டறிந்த அன்று ஃபெரிட்டின் 210. இரும்பு மாத்திரையை நிறுத்தினோம். அவருடைய மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “இருக்கிற ரத்தமும் போயிடுமே” என்றார். காசநோய் மருந்து மட்டும் தொடர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, இரும்பு ஒரு மாத்திரைகூட இல்லாமல், ஹீமோகுளோபின் 10.3. அழற்சி தணிந்ததும் ஹெப்சிடின் குறைந்தது, களஞ்சியம் திறந்தது. காசநோயாளிகளில் பலருக்கு இரத்தசோகை இவ்வாறு காசநோய் மருந்தாலேயே சீராகத் தொடங்கும். ‘இரத்தம் ஏறும் மருந்து’ என்று அவர்கள் தேடுவது, காலையில் உட்கொள்ளும் அந்த மாத்திரைகளே.

ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. நான்காம் மாதமும் 10.5இலேயே நின்றது. மீண்டும் ஃபெரிட்டின் பார்த்தபோது 13. உயர்ந்து தெரிந்த எண் அழற்சியால் வந்தது. அதன் அடியில், மாதவிலக்கின் உதிரப்போக்கால் வந்த உண்மையான இரும்புக் குறைபாடு மறைந்திருந்தது. முதல் நாள் நாங்கள் நினைத்தது முற்றிலும் தவறன்று, பாதிதான் சரி. இப்போது குடல் வாசல் திறந்திருந்ததால் அதே மாத்திரை வேலை செய்தது. மகளிர் நலப் பிரிவிலும் அவரைக் காட்டினோம்.

எங்கள் பிரிவின் நடைமுறை இதிலிருந்து விளங்கும். இரத்தசோகை மிதமாக இருந்து, குருதியிழப்பு ஏதும் இல்லை என்றால், முதல் இரண்டு மாதம் காசநோய் மருந்தும் நல்ல உணவும் மட்டும். பிறகு மறுபடி சோதித்து, தேவையானால் இரும்பு. வெளிப்படையான குருதியிழப்பு உள்ளவர்களுக்கும், சோதனையில் குறைபாடு தெளிவாகத் தெரிபவர்களுக்கும் முன்னதாகவே கொடுப்போம். ஹீமோகுளோபின் மிகவும் தாழ்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுத் திணறினால் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். அங்கே காத்திருக்க இடமில்லை.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. இதைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்று எங்கள் செவிலியர் கேட்டுக்கொண்டார். காசநோய் உள்ள கர்ப்பிணிக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அவசியம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பிரசவப் பிரிவில் கொடுத்த மாத்திரையை, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்த வேண்டாம். குழந்தைகளுக்கும் அவ்வாறே, முடிவு குழந்தை மருத்துவருடையது.

மருந்துகளைப் பற்றியும் சில செய்திகள் உண்டு. ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இரத்தம் சிறுநீரில் போகிறது, அதனால்தான் சோகை என்று எண்ணிச் சிகிச்சையையே நிறுத்தியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது மருந்தின் நிறம் மட்டுமே. இரும்பு மாத்திரை மலத்தைக் கருமையாக்கும், அதுவும் இயல்பே. ஆனால் இரும்பு உண்ணாதவருக்குத் தார் போல் கறுத்த மலம் போனால் உடனே வர வேண்டும். ஐசோனியாசிட் மருந்து பைரிடாக்சின் என்னும் பி6 உயிர்ச்சத்தைக் குறைக்கும். கைகால் மரமரப்புக்கும் அரிதாக ஒருவகை இரத்தசோகைக்கும் இது இட்டுச்செல்வதால்தான் அந்தச் சிறிய பி6 மாத்திரையைச் சேர்த்துத் தருகிறோம். ‘இது சத்து மாத்திரைதானே’ என்று அதைத் தள்ளிவைக்க வேண்டாம்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குத் தரப்படும் லினிசோலிட் எலும்பு மஜ்ஜையின் வேலையையே மந்தமாக்கி இரத்தத்தைக் குறைக்கக் கூடியது. அந்தச் சோகைக்கு இரும்பு மருந்தாகாது. லினிசோலிட்டின் அளவை மாற்றுவதோ சில நாள் நிறுத்துவதோ மருத்துவர் செய்ய வேண்டியது. ஆகவே குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு வருவது மாத்திரை உண்பதற்கு நிகரான முக்கியம் உடையது. லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் ஆகியவற்றை இரும்பு மாத்திரையுடன் சேர்த்து விழுங்கினால் இரும்பு அவற்றைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்; மருந்து இரத்தத்தில் சேராது. இரண்டுக்கும் நடுவே பல மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் ஒன்று, இரவில் மற்றொன்று என்று எங்கள் மருந்தாளுநர் சீட்டில் எழுதித் தருவதற்குக் காரணம் இதுதான். கடையில் தாமாக வாங்கிப் பருகும் ‘டானிக்’ குப்பிகளிலும் இரும்பு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எங்களிடம் சொல்லாமல் குடிக்கும் டானிக்தான் எங்கள் கணக்கை அதிகம் குலைக்கிறது.

மாதுளையும் சுவரொட்டியும்

முதியவர் ஒருவர் எங்கள் விடுதியில் இருந்தார். அவருடைய மகன்கள் நாள்தோறும் மாதுளைச் சாறும், பீட்ரூட்டும், பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுச் சுவரொட்டி. மூன்று பேர் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது எளிய செலவன்று. கடைசி மகள் தோட்டை அடகு வைத்ததாகப் பின்னர் அறிந்தோம். இருந்தும் அவர் எடை ஏறவில்லை. ஒரு நாள் படுக்கை விரிப்பை மாற்றிய உதவியாளர், தலையணை உறைக்குள் கைநிறையக் காசநோய் மாத்திரைகளைக் கண்டெடுத்தார். வயிற்றைப் புரட்டுகிறது, சொன்னால் மகன்கள் திட்டுவார்கள் என்று ஒளித்துவைத்திருக்கிறார். குமட்டலுக்கு வழி செய்தோம். அதன் பின்னர்தான் எடை நகர்ந்தது.

சுவரொட்டியை நாங்கள் குறை சொல்லவில்லை. மண்ணீரலில் இரும்பு மிகுதி. நம் முன்னோர் அறிந்தே சொல்லியிருக்கிறார்கள். ஈரலும் அப்படியே. மாதுளையும் பீட்ரூட்டும் நிறத்தால் பெற்ற பெருமை, அவற்றிலுள்ள இரும்பைவிடப் பெரிது. அதே பணத்துக்கு முட்டையும் பயறும் நிலக்கடலையும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் வாங்கினால் உடல் கூடுதலாகப் பயன்பெறும். கீரையுடன் எலுமிச்சை பிழிந்து உண்டால் இரும்பு நன்கு சேரும்; சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்கலாம். உணவிலுள்ள இரும்பு கிருமியை வளர்க்குமோ என்று இப்போது சிலர் கேட்கக்கூடும். அந்த அச்சம் வேண்டாம். நாங்கள் தள்ளிப்போடுவது மாத்திரையிலும் ஊசியிலும் வரும் பெரிய அளவைத்தான். காசநோயாளிக்கு எந்த உணவும் விலக்கில்லை.

உணவா மருந்தா என்ற வழக்கு நம் ஊரிலேயே பழையது. சானட்டோரியத்தில் பாலும் முட்டையும் கொடுத்துப் படுக்கவைத்தால்தான் காசநோய் தீரும் என்று நம்பிய காலத்தில், சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம் ஒரு சோதனை செய்தது. நகரத்து ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானட்டோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் உணவும் ஓய்வும் மிகக் குறைவு. ஆனாலும் குணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு உணவு முக்கியமில்லை என்று மருத்துவ உலகம் சற்று அதிக காலம் இருந்துவிட்டது என்பது எங்கள் கருத்து. அதே நிறுவனமும் பிறரும் சேர்ந்து 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வைச் செய்தார்கள். 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பொருள்: அரிசி, பருப்பு, பால் பொடி, எண்ணெய், கூடவே உயிர்ச்சத்து மாத்திரை. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு ஏறியவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. சில ஊர்களில் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. மருந்து கிருமியைக் கொல்கிறது. அது கொல்லும் வரை உயிரைத் தாங்குவது உணவு.

ஆகவே நோயாளிக்கு மட்டும் தனித்தட்டில் சத்துணவு வைத்துவிட்டு, பராமரிப்பவர் பழைய சோற்றோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை. குறிப்பாகத் தாய்மார்களுக்குச் சொல்கிறோம். நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் அரசு செலுத்துகிறது. கணக்கு விவரம் பதியாததால் பணம் வராதவர்கள் எங்கள் சிகிச்சை மேற்பார்வையாளரை அணுகலாம். ஆதாரும் வங்கிப் புத்தகமும் போதும்.

வீட்டில் எதைப் பார்த்தால் உடனே அழைத்துவர வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ ஐந்தே செய்திகளைக் கொண்டு ஆபத்திலுள்ளவரை முதல் நாளே பிரித்தறிகிறது: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பது. இவற்றில் எடையையும் ஆக்சிஜனையும் தவிர மற்றவற்றை எந்த வீட்டிலும் பார்த்துவிடலாம். கால் வீங்கினாலோ, நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு விட்டாலோ, நேற்றுவரை நடந்தவர் இன்று எழுந்து நிற்கத் தடுமாறினாலோ அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது. இருமலில் இரத்தம் வந்தாலும் அப்படியே. வரும்போது பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும், உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும், டானிக் குப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தால் எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம்.

அந்தப் பெண்மணிக்கு ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை. ஹீமோகுளோபின் 12.2, எடை 7 கிலோ கூடியிருக்கிறது. கையிருப்பு நிரம்ப இரும்பு மாத்திரை இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பிள்ளைகளின் தடுப்பு மருந்தும் சென்ற மாதம் முடிந்தது. கடைசியாக வந்தபோது, பிடித்துத் தைத்த ரவிக்கைகளை மறுபடி பிரித்துவிட்டதாக நாத்தனார் சொன்னார்.